அத்தை காட்டிய குறுக்கு வழி

யாராவது கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் அத்தைக்கு வராது. அதனால்தான் ஒரு சிப்பாய் ஒரே நாளில் ஜவ்வாது மலையை இரண்டு முறை ஏறும்படி ஆயிற்று.

எனக்கு எட்டு வயது. வடக்கே பனிமலையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. மாமா அங்கே இருந்தார். அவரிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாதமாகிவிட்டதால், அத்தை எங்களோடு வந்து தங்கியிருந்தாள். பஞ்சாயத்து டிவியில் செய்தி தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

அந்த நாட்களில் பயிற்சிப் பட்டாளம் போளூர்ப் பக்கமிருந்து மலைச்சாலை வழியாக ஜமுனாமரத்தூருக்கு நடந்து வரும். சாலை கடைசியாக வளையும் இடத்தில் எங்கள் வீடு. முதுகில் மூட்டையும் தோளில் துப்பாக்கியுமாக வருகிறவர்களுக்கு அத்தை மோர் கலந்த கேழ்வரகுக் கூழ் கொடுப்பாள். நடந்துகொண்டே குடிப்பார்கள். சொம்பைத் திரும்ப வாங்கிவர நான் கூடவே ஓடுவேன்.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு ஒரு பையன் தனியாக வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. எங்கள் வாசலில் கல்மேல் உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. அவனுக்குத் தமிழ் தெரியாது. அதனால் அத்தை கொஞ்சம் சத்தமாகப் பேசினாள்.

“எதுக்கு தம்பி இவ்ளோ தூரம் சுத்திக்கினு போற? இப்படியே ஏறினா நேரா சந்தைதான்.”

சந்தைக்குப் புளி சுமந்துபோகிற ஒற்றையடிப் பாதை அது. எங்கள் ஊரில் காலிருக்கிற யாரும் சாலையில் நடக்க மாட்டார்கள், சாலை பஸ்ஸுக்கு. பையன் சாலையைப் பார்த்தான், தன் பூட்ஸைப் பார்த்தான், பிறகு எங்கள் பின்னாலேயே வந்துவிட்டான்.

சந்தைத் திடலில், ஜீப்பில் முன்னாலேயே வந்துவிட்ட ஹவில்தார் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைசியாக வரவேண்டியவன் முதல் ஆளாக வந்து நிற்கவும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இந்தியில் ஏதோ கேட்டார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் பக்கம் கைகாட்டவே இல்லை. மறு நிமிஷம் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். அடிவாரத்தில் இறக்கிவிடுவார்களாம், மறுபடி நடந்து ஏற வேண்டுமாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை நேராக ஹவில்தாரிடம் போனாள்.

“நான்தான் சார் வழி காட்டினேன். அவனுக்கு இன்னா தெரியும், வுட்டுடுங்க.”

ஹவில்தார் வேலூர்க்காரர். கோபப்படவில்லை. “அங்க பனிமலையில குறுக்கு வழி காட்ட யாரு இருப்பாங்கம்மா? இங்க மூச்சு பழகினாதான் அங்க போய்ட்டு முழுசா வருவான்.”

அத்தை ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “எங்க வூட்டுக்காரரும் அங்கதான் சார் கீறாரு. அவரையும் இந்த மாதிரி ரெண்டு தபா ஏத்தியிருப்பாங்களா?”

“ரெண்டு தபாவா? எத்தினி தபான்னு, வந்ததும் அவரையே கேளுங்கம்மா.”

அத்தை சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அந்த இரண்டு மாதத்தில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கோ ஆத்திரமாக வந்தது. ஜீப்பில் போன பையனை அதற்குள் மறந்துவிட்டாள். அதுகூடப் போகட்டும். கட்டின புருஷனை மலைமேல் திரும்பத் திரும்ப விரட்டியிருக்கிறார்கள் என்று கேட்டு, ஒரு பெண்பிள்ளைக்கு எப்படிச் சிரிப்பு வரும்? வீடு வரும்வரை அவள் கையை நான் பிடிக்கவே இல்லை.