முப்பத்தோராவது நிமிடம்

மைக்கென் கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் கால்சட்டை போட்டு இருபத்தைந்து வருடம் ஆகிறது. கோத்தன்பர்க் நகரத்தில் டிராம் ஓட்டுகிறவள், வயது ஐம்பத்தெட்டு. இரண்டாவது மகள் நாலரைக் கிலோவாக வந்து பிறந்தாள். அன்றோடு இவள் நிம்மதி போயிற்று. தும்மினால் சிறுநீர், இருமினால் சிறுநீர், சிரித்தால் கேட்கவே வேண்டாம். கறுப்பில்தான் ஈரம் தெரியாது. செவிலி சொல்லிக்கொடுத்த தசைப் பயிற்சியில் பாதிதான் கேட்டது. அவளுடைய தடத்தில் எந்த நிறுத்தத்துக் கழிப்பறை திறந்திருக்கும், எது பூட்டிக் கிடக்கும் என்பதெல்லாம் அத்துப்படி.

ஊரெல்லாம் மறைத்ததை அடித்தளத்துச் சலவை அறையில் மறைக்க முடியவில்லை. வீட்டுக்குள் துவைக்கும் இயந்திரம் வைக்க அந்தக் கட்டடத்தில் தடை. அறை வாசலில் உள்ள நேரப் பலகையில் உன் வீட்டுக்கான ஒரே பூட்டை மாட்டினால் அந்த நேரம் உன்னுடையது. முப்பது நிமிடத்துக்குள் வராவிட்டால் யார் வேண்டுமானாலும் புகுந்துகொள்ளலாம். பேட் வைத்தும் படுக்கை விரிப்பு நனைகிறவளுக்கு வாரத்தில் ஒரு நேரம் எந்த மூலைக்கு? அதனால் மைக்கென் கூடையைத் துண்டால் மூடிக்கொண்டு, முப்பத்தோராவது நிமிடத்துக்காகப் படிக்கட்டில் காத்திருப்பாள்.

ஒரு வியாழக்கிழமை கீழ்வீட்டுத் தோர்போரியின் நேரம் அப்படிக் கிடைத்தது. இயந்திரம் சுற்ற ஆரம்பித்ததும் தோர்போரி வந்து நின்றாள், அவளும் துண்டு போட்டு மூடிய கூடையோடு.

"எடு வெளிய. முப்பது தாண்டி அஞ்சு நிமிஷம் ஆனா கொள்ளையடிச்சுடுவியா?"

"சட்டம் எழுதுனது நானில்ல. போய்க் கடிகாரம் வாங்கு."

மறுநாள் சலவை அறைக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: 'பிறர் நேரத்தைத் திருடி வாழும் அண்டைவீட்டாரே, வெட்கமாக இல்லையா?' பெயர் போடவில்லை. அங்கே யாரும் போடுவதில்லை. கையெழுத்தைப் பார்த்தாலே ஆளைத் தெரியும்.

வசந்தத்தில் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. காப்பி, இலவங்கப்பட்டை ரொட்டி, நடுவில் தோர்போரியின் தீர்மானம்: வீட்டுக்கு வாரம் ஒரே நேரம், காலியாகக் கிடந்தாலும் பிறர் நேரத்தில் புகக் கூடாது, மீறினால் பூட்டைப் பிடுங்கிவிடுவது. நிறைவேறினால் தன் ஈர விரிப்பை எங்கே கொண்டுபோவாள் மைக்கென்?

தோர்போரி எழுந்து கையை நீட்டினாள். "அந்தா இருக்காளே, ஒண்டிக்கட்ட. வாரத்துக்கு நாலு தடவ துவைக்கிறா. அப்படி என்னத்தத்தான் துவைக்கிறியாம்? ஓட்டல் நடத்துறியா?"

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் மைக்கெனை எழுப்பியது.

"மூத்திரம். மூத்திரத்தத் துவைக்கிறேன், போதுமா? தும்முனா வருது, படுத்தா வருது. நீ கத்துறதப் பாத்துச் சிரிக்காம உக்காந்திருக்கேனே, அதுவும் அந்த பயத்துலதான்."

தலைவர் ஹோல்கர் கையிலிருந்த தாளையே முறைத்துப் பார்த்தார்.

"அதுக்காக என் நேரத்தத் தூக்கிக் குடுக்க..." என்று தொடங்கிய தோர்போரியை இருமல் பிடித்துக்கொண்டது. நாலைந்து இருமல், நல்ல உலுக்கு. பிறகு கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். ஹோல்கர் கை தூக்கச் சொன்னபோது, தன் சொந்தத் தீர்மானத்துக்கே அவள் கை தூக்கவில்லை. ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து, ஒரு கை குறைந்ததால் தீர்மானம் தோற்றது.

எல்லோரும் கிளம்பினார்கள். தோர்போரி மட்டும் வெளிர்நீல ஸ்கர்ட்டில், மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.

"பூட்டணும், கிளம்பு தோர்போரி," என்றார் ஹோல்கர்.

"கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் இருக்கேன்."

கால் மரத்துப்போச்சு! மைக்கென் எத்தனை வருடம் எத்தனை பேரிடம் சொல்லித் தப்பித்த பொய் அது. அவளுக்கு முதலில் இரக்கம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. நன்றாக வேண்டும் இவளுக்கு, ஒரு வார்த்தை உரக்கச் சொன்னால் போதும், கட்டடமே சிரிக்கும். வாய்வரை வந்தது. தோர்போரி நிமிர்ந்து பார்த்தாள், மைக்கென் கண்டுபிடித்துவிட்டாள் என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

மைக்கென் முழங்கால்வரை தொங்கும் தன் கறுப்புக் கம்பளி மேல்சட்டையைக் கழற்றி அவள் மடியில் வீசினாள்.

"இடுப்புல கட்டிக்கிட்டு எந்திரி. துவைச்சுத்தான் திருப்பித் தரணும்."

"எப்பத் துவைக்கிறது? வியாழக்கிழம வந்தா நீதான் உள்ள நிப்பியே!"

"அப்ப முப்பது நிமிஷத்துக்குள்ள வா."