அப்புத்தளையில் பார்த்த கடைசிப் பகுதி

என் வீட்டுக்காரர் ராமநாதனுக்குப் பொய் சொல்லத் தெரியாதுன்னு பதுளை பஜாரே சொல்லும். இரும்புச் சாமான் கடையில நிக்கிறார். ஒரு தாழ்ப்பாள் சீக்கிரம் துருப்பிடிக்கும்னா வாங்க வந்தவங்ககிட்ட அதச் சொல்லிட்டுத்தான் விப்பார். முதலாளி தலையில அடிச்சுக்குவார். வீட்டுலயும் அப்படித்தான். குழம்பு எப்படின்னு கேட்டா "உப்பு கூட"ம்பார். அதுக்கு மேல ஒரு சொல் வராது. அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு பழைய டீவி நாடகத்தக் கண்டு பயந்தா எனக்குச் சந்தேகம் வருமா வராதா?

மக விதுர்ஷா கொழும்புல வேலை செய்யுது. பொங்கலுக்கு வந்தப்பப் பெரிய டீவி ஒண்ணு மாட்டிட்டு, "அம்மா, நீங்க சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே, அந்த நாடகம் முழுசா யூடியூப்ல இருக்கு"ன்னு போட்டுக் காட்டுச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல. இவர் மூஞ்சி சுண்டிப் போச்சு. "பழசெல்லாம் இப்ப எதுக்கு"ன்னு எந்திரிச்சுப் போயிட்டார்.

அந்த நாடகம் வந்த காலத்துல நாங்க அப்புத்தளைக்குக் கீழ ஒரு தேயிலைத் தோட்டத்துல, லயத்து வரிசை வீட்டுல இருந்தோம். கரண்டு கிடையாது. எங்க டிவிசனுக்கே கங்காணி வீட்டுல ஒரே டீவி, அதுவும் லொறி பேட்டரியில ஓடும். வாராவாரம் அதத் தோள்ல தூக்கிக்கிட்டு அப்புத்தளைக்குப் போய் சார்ஜ் போட்டுக் கொண்டாறது ராமநாதனோட வேலை. கூலியில்ல. டீவிக்கு முன்னுக்கு உக்கார ஒரு இடம் குடுப்பாங்க, அவ்வளவுதான். ஆசிட் பட்டு அவர் சட்டைத் தோளெல்லாம் ஓட்டையா இருக்கும்.

நாடகத்துல ரெண்டு கூட்டாளிங்க, ஒரு பொண்ணு. நெட்டையன் வாயத் திறந்தா சிரிப்புத்தான். குட்டையன் அவளுக்குத் தண்ணிக் குடம் தூக்கப் போய் வழுக்கி வழுக்கி விழுவான். ரெண்டு பேருக்கும் அவ மேல ஆசை. "வேலை தேடிட்டு வாறேன், காத்துக்கிட்டு இரு"ன்னு நெட்டையன் பட்டணம் போயிருவான். லயத்துல எல்லாரும் என்னப் பாத்துக் கேலி பண்ணுவாங்க, ஏன்னா என் கதையும் அதே கதைதான். மருதைன்னு ஒருத்தர், நல்ல உயரம், கொழும்புல கடை வேலைக்குப் போனவர். சித்திரைத் தேருக்கு வந்து பொண்ணு கேக்குறேன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போயிருந்தார். அவரோட உயிர்க் கூட்டாளி, குட்டையா, பேசாம, பேட்டரியத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச இவர்.

கடைசிப் பகுதி வர்ற அன்னைக்கு லயமே கங்காணி வீட்டுல கூடிருச்சு. பேட்டரியும் வரல, ராமநாதனும் வரல. மறுநாள் காலையில வேலைக்குப் பெரட்டுல பேர் குடுக்கப் போற நேரத்துலதான் வந்து சேந்தார். பஸ் போயிருச்சாம். பேட்டரிக் கடையிலயே உக்காந்து நாடகத்தப் பாத்துட்டு, விடியக் காலையில நடந்து வந்தாராம். கொழுந்துக் கூடையோட எல்லாரும் சுத்தி நின்னு "முடிவு என்னய்யா, முடிவு என்ன?"ன்னு கேட்டோம். "நெட்டையன் பட்டணத்துலயே கல்யாணம் பண்ணிக்கிட்டான். அவ குட்டையனக் கட்டிக்கிட்டா"ன்னார். பொய் சொல்லாத வாயாச்சே, நம்பிட்டோம்.

அன்னையிலிருந்து எங்கம்மா வாய்க்கு அவல் கிடைச்ச மாதிரி ஆயிருச்சு. "கொழும்புக்குப் போனவன் எவன்டி திரும்பி வந்தான்? நாடகத்துல வந்தானா?"ன்னு அடுப்படியில நின்னாலும் கேக்கும், தண்ணி பிடிக்கிற பீலிக்கரையில நின்னாலும் கேக்கும். கேட்டுக் கேட்டு எனக்கே நம்பிக்கை விட்டுப் போச்சு. ராமநாதன் வீட்டுல இருந்து பொண்ணு கேட்டு வந்தாங்க. தலையாட்டிட்டேன். சித்திரைத் தேருக்கு மருதை வந்தார், சொன்ன சொல் தவறாம. என் கழுத்துல தாலியப் பாத்தார். அப்படியே திரும்பிப் போயிட்டார்.

ராமநாதனக் குறை சொன்னா என் நாக்கு அழுகிரும். குடி கிடையாது, கை நீட்ட மாட்டார். ஆனா ஆசையா ஒரு வார்த்தை? மூச்! விதுர்ஷா பொறந்தப்ப ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்துல வந்து நின்னு "சாப்பிட்டியா?"ன்னுதான் கேட்டார். கூட்டாளி இனி வரமாட்டான், பொண்ணு காத்துக் கிடக்குதேன்னு பாவம் பாத்துக் கட்டிக்கிட்டார்னுதான் இவ்வளவு காலமும் நெனச்சிருந்தேன். அந்த நெனப்பு சாப்பாட்டுல கல்லு மாதிரி அப்பப்பக் கடிபடும்.

இப்ப விசயத்துக்கு வாறேன். பக்கத்து வீட்டு லரீபாவும் நானும் மத்தியானத்துல ஒவ்வொரு பகுதியாப் பாத்தோம். வயிறு நோகச் சிரிச்சோம். முடிவு கிட்ட வர வர இவர் சேட்டை கூடிக்கிட்டே போச்சு. டேட்டா தீந்திருச்சும்பார். டீவி பாத்தாக் கண்ணு கெட்டுரும்பார். ஒருநாள், நான் கேக்காமலே, "கடைசிப் பகுதி யூடியூப்ல இல்லயாம்"னார். எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைங்கிற கதை!

"லெட்சுமியக்கா, ஒரு ஆம்புள நாடகத்துக்குப் பயப்படுறாண்டா அதுக்குப் பின்னால ஒரு பொம்புள ஈக்கா"ன்னா லரீபா. "நடிச்சவளப் பாருங்க, யார் சாயல்?" நான் பஜார்ல உள்ள பொம்புளைங்க மூஞ்சியெல்லாம் மனசுல ஓட்டிப் பாத்தேன். அவர் சட்டைய மோந்து பாத்தேன், வெக்கத்த விட்டுச் சொல்றேன். இரும்பு வாசந்தான் வந்துச்சு.

பௌர்ணமிப் போயா லீவன்னைக்குக் கடை பூட்டு. இவர் வீட்டுல இருக்கார், ரிமோட்டக் காணோம். தேடித் தேடிப் பாத்தா அரிசி வாளிக்குள்ள கிடக்கு. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! லரீபாவக் கூப்பிட்டு உக்கார வச்சு, இவரையும் கதிரையில உக்காரச் சொல்லி, கடைசிப் பகுதியப் போட்டேன்.

நெட்டையன் வந்துட்டான். கையில பெட்டியோட, அவளக் கட்டிக்க வந்து நிக்கிறான். குட்டையன் சிரிச்சுக்கிட்டே அவ கையப் பிடிச்சு நெட்டையன் கையில வைக்கிறான். அப்புறம் அவ குடத்தத் தூக்கப் போய் வழுக்கி விழுறான். டீவிக்குள்ள ஆளுங்க கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. வீட்டுக்குள்ள யாரும் சிரிக்கல. லரீபா, "அடுப்புல சோறு ஈக்கி"ன்னு மெல்ல நழுவிட்டா.

"இதத்தானே அப்புத்தளையில பாத்தீங்க?"

"ஆமா."

"அப்ப லயத்துல சொன்னது?"

"பொய்."

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் ரிமோட்ட ஒளிச்சீங்களா?"

"ஆமா." தரையப் பாத்துக்கிட்டே இருந்தார். "வேணுமின்னு பஸ்ஸ விடல புள்ள. பேட்டரியத் தூக்கிக்கிட்டு நடந்து வர்ற வழியெல்லாம் அந்தக் குட்டையன் மேல கோவம் கோவமா வந்துச்சு. பைத்தியக்காரன், கையப் பிடிச்சு அடுத்தவன்கிட்டக் குடுக்குறான். எனக்கு அந்த மனசு வராது. நீ எனக்கு வேணும்னு இருந்துச்சு. லயத்துல எல்லாரும் முடிவு என்னன்னு கேட்டப்ப வாயில அது வந்துருச்சு."

பாவம் பாத்துக் கட்டலயா? இந்த வாய்க்குள்ளயா இது இத்தனை காலமாக் கிடந்துச்சு? சந்தோசத்துல அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அதே மூச்சுல அவர் சட்டையப் பிடிச்சு உலுக்கணும் போல ஆத்திரமும் வந்துச்சு. தேரன்னைக்கு என் கழுத்தப் பாத்த மருதையோட கண்ணு வேற ஞாபகத்துக்கு வந்து நின்னுச்சு.

"ஊருக்கு அதச் சொன்னதுக்கு, இத எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதாய்யா? பொய்யச் சொல்லாம, நீ எனக்கு வேணும்னு ஒரு வார்த்தை?"

அப்பத்தான் தலைய நிமுத்தி என்னப் பாத்தார். அவர் கண்ணுல அப்படி ஒரு பயத்த நான் பாத்ததே இல்ல.

"சொல்லியிருந்தா... சரின்னு சொல்லியிருப்பியா?"

உள்ளுக்குள்ள தேடித் தேடிப் பாக்குறேன், ஒண்ணும் அகப்படல.

"எனக்குத் தெரியாதுங்க. அத நீங்க கேக்கவே இல்லியே."

டீவிய நிப்பாட்டுனது அவர்தான்.