மிச்ச மாத்திரை

என் சம்சாரம் நீர்க்கடுப்பில் போய்ச் சேர்ந்தாள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதில் எல்லாமா சாவார்கள் என்று கேட்கிறார்கள். அதில்தான் செத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

எங்கள் தோட்டம் கோலா சாவாவிலிருந்து உள்ளே தள்ளி. செம்பனைத் தோட்டம். நான் குலை வெட்டுகிறவன். அவள் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். பிள்ளை இல்லை.

காட்டுக்குள் பொம்பளைகளுக்கு ஒதுங்க இடம் கிடையாது. முன்பு எல்லாரும் எங்கள் சனம். ஒருத்தி மறைத்து நிற்பாள், இன்னொருத்தி ஒதுங்குவாள். இப்போது பக்கத்து வரிசையில் யாரோ ஊர் தெரியாத ஆண்கள். வேலையை மேய்க்கிற மண்டோர் வேறு மோட்டாரில் சுற்றிக்கொண்டே இருப்பார். அதனால் அவள் தண்ணியே குடிக்க மாட்டாள். காலையில் ஒரு தேத்தண்ணி, அதோடு சரி. போத்தலில் கொண்டு போன தண்ணி அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். எல்லாப் பொம்பளைகளும் இப்படித்தான். எல்லாருக்கும் அந்தக் கடுப்பு வரும், போகும். இவளுக்கு இனிப்புநீரும் இருந்தது, அதான் சர்க்கரை வியாதி. அடிக்கடி வரும்.

தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் இருந்தவரை அவர் பார்த்துக்கொண்டார். அவர் போன பிறகு வேறு ஆள் வரவில்லை. கிளினிக் போனால் அன்றைக்கு வேலை போய்விடும். அங்கே மாத்திரை கொடுக்கிற மலாய்க்காரப் பெண் ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள், ஹபிஸ்கான், மச்சிக். முழுக்க முடிச்சிருங்கன்னு. இவள் தலையை ஆட்டுவாள். கடுப்பு நின்றதும் நிறுத்திவிடுவாள். மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வைப்பாள்.

"சோறு ஆக்கினாக்கூட அடுத்தவனுக்கு ஒரு வாய் எடுத்து வைக்கிறோம். மருந்தை மட்டும் ஒரே ஆளு அள்ளி முழுங்கிறதா?" என்பாள்.

எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் எடுத்து வைத்தார்கள். ஆனால் இவளிடம்தான் நிறைய இருக்கும். இவள்தான் எந்த நோவுக்கு எந்தக் கலர் என்று சொல்லுவாள்.

"அக்கா, சிவப்பு கறுப்பு இருக்கா?"

"எதுக்குடி?"

"புள்ளைக்குக் காதுல சீழு."

"அதுக்கு மஞ்சள். உட்காரு, எடுத்துட்டு வரேன்."

மோட்டாரில் போகிறவன் எவனாவது கத்துவான், "டிரஸரம்மா, கோட்டு எங்க?"

"உன் பொண்டாட்டி துவைக்கப் போட்டிருக்காடா," என்பாள் இவள்.

சந்தோஷமாக இருந்தாள் அதில். எனக்கும் பெருமைதான்.

போன வருசம் மழைக்காலத்தில் மறுபடியும் கடுப்பு. டப்பாவில் இருந்ததைச் சாப்பிட்டாள். நிற்கவில்லை. வேறு கலர் சாப்பிட்டாள். முதுகு வலி வந்தது. அப்புறம் குளிர் நடுக்கம். கட்டில் ஆடுகிற மாதிரி நடுக்கம். பக்கத்து வீட்டுக்காரி தன் கம்பளியையும் கொண்டுவந்து போட்டாள். நிற்கவில்லை. அவள் புருசன் காரில் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

வார்டில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி. தமிழ்ப் பெண், சின்ன வயசு. மருந்து கொடுக்கும் முன் என்னைக் கேட்டாள்.

"அங்கிள், எந்த மருந்தாவது ஆன்ட்டிக்கு ஒத்துக்காம போயிருக்கா? உடம்பு தடிச்சு, அரிச்சு, மூச்சு வாங்கி?"

"இல்லம்மா."

"இதுக்கு முன்னாடி என்ன ஆண்டிபயாடிக் சாப்பிட்டாங்க?"

"சிவப்பு கறுப்பு. மஞ்சள். வெள்ளையில நீட்டமா ஒண்ணு."

"எவ்வளவு நாள் சாப்பிடுவாங்க?"

"கடுப்பு நிக்கிற வரைக்கும்."

"நின்னதும்?"

"எடுத்து வச்சிருவா. கேக்குறவங்களுக்குக் குடுப்பா. அவங்க வீட்டுதையும் இவ சாப்பிடுவா."

எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. மறுபடி எழுதினாள்.

முதலில் ரத்தம் எடுத்தாள், மூத்திரம் எடுத்தாள். இவ்வளவு முடியாமல் கிடக்கிறாள், முதலில் மருந்தைப் போடும்மா என்றேன். "உடனே போடுறேன் அங்கிள். ஆனா மருந்து உள்ள போயிட்டா என்ன கிருமின்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம்," என்றாள். சொன்னபடி உடனே போட்டாள். போட்டுவிட்டு ஓடவில்லை. கட்டில் பக்கமே நின்று இவள் முகத்தையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அரிக்குதா ஆன்ட்டி, மூச்சு முட்டுதா என்று கேட்டாள்.

ஒவ்வொரு வேளை மருந்துக்கும் இவள் பேரைக் கேட்பாள். கையில் கட்டின பட்டையோடு ஒத்துப் பார்ப்பாள். இவளுக்குச் சிரிப்பு.

"காலையில சொன்ன பேருதான். இன்னும் மாத்தலை."

"சரி ஆன்ட்டி, மாத்தினா சொல்லுங்க."

காய்ச்சல் கொஞ்சம் இறங்கியது. கஞ்சி குடித்தாள். அப்புறம் திரும்ப ஏறியது. மூத்திரம் குறைந்துபோச்சு. மூத்திரப் பையை மிஸ்ஸி குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போவாள்.

எடுத்துப் போன மூத்திரத்தின் முடிவு வந்தது. டாக்டர் மலாயில் சொன்னார். மிஸ்ஸி என்னை வெளியே கூட்டிப்போய்த் தமிழில் சொன்னாள்.

"இந்தக் கிருமிக்கு நம்ம குடுக்கிற மருந்து எல்லாம் பழகிப் போச்சு அங்கிள். பாதியில நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டா, சாகாம தப்பிக்கிறதுதான் உள்ள பெருகும். இனிமே ஒரு பெரிய மருந்து இருக்கு. அதை ஆரம்பிக்கிறாங்க."

"அது கேக்குமா?"

"கிருமி கேக்கும். உடம்பு தாங்கணும்."

அன்றைக்கே அவளைக் கடைசி அறைக்கு மாற்றினார்கள். கதவில் மஞ்சள் அட்டை. உள்ளே போனால் பிளாஸ்டிக் மேலாடை, கையுறை போடணும். கிருமி மற்றவர்களுக்குப் போகக் கூடாது என்று. நான் அதைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"என்னங்க இது, இறைச்சிக் கடைக்காரன் மாதிரி," என்றாள்.

"போடணுமாம்."

"என்னைத் தள்ளி வச்சிட்டாங்களா?"

"மத்த நோயாளிக்கு ஒட்டக் கூடாதுன்னு."

என் கையுறையைப் பார்த்தாள். பிறகு, "தோட்டத்துல எத்தனை பிள்ளைங்களைத் தொட்டுத் தூக்கியிருக்கேன்," என்றாள். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி பார்க்க வந்தாள். உள்ளே வந்ததும் இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். வெள்ளை நீட்ட மாத்திரை.

"போன தடவை எனக்குக் குடுத்தது அக்கா. உனக்குன்னு எடுத்து வச்சேன்."

இவள் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா, எனக்கும் ஒருத்தி எடுத்து வச்சிருக்கா," என்று என்னிடம் சொன்னாள்.

பொட்டலத்தை வாங்கி என் சட்டைப் பைக்குள் போட்டேன். பெரிய டாக்டரைக் கேட்டுக் குடுக்கிறேன் என்றேன். பக்கத்து வீட்டுக்காரியை வெளியே கூட்டிப் போனேன்.

"இனிமே யாருக்கும் குடுக்காதே. யாருகிட்டயும் வாங்காதே. கிளினிக்ல குடுத்தா குடுத்ததை முடி."

"ஏண்ணே?"

மிஸ்ஸி சொன்னதைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அக்காவுக்கு... எங்களாலயா?"

"இல்ல," என்றேன்.

அவசரமாகச் சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பிள்ளையும் இவள் கொடுத்த மாத்திரையில்தான் பிழைத்தது என்று லயமே சொல்லும். எது யாரால் என்று எனக்குத் தெரியாது. எல்லாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் நல்லதுதான் செய்தோம்.

பெரிய மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. காய்ச்சல் தணிந்ததும் உண்டு. ஆனால் இவள் உடம்பு ஊதிக்கொண்டே போனது. பேச்சு குறைந்தது. கிட்னி நின்றுவிட்டது, மெஷினில் போட்டால் நெஞ்சு தாங்காது என்றார்கள். மிஸ்ஸி அப்போதும் பேர் கேட்டாள். இவளால் சொல்ல முடியவில்லை. நான் சொன்னேன். அவள் பட்டையைப் பார்த்துவிட்டு மருந்தை மாட்டினாள்.

கடைசியாக இவள் தெளிவாகப் பேசியது போய்ச் சேர்ந்த அன்றைக்குக் காலையில்தான்.

"மருந்து மாத்திட்டாங்களா?"

"மாத்தியாச்சு."

"நல்லதா?"

"ரொம்ப நல்லது. பெரிய மருந்து."

"முழுசாப் போடச் சொல்லுங்க," என்றாள்.

சரி என்றேன்.

மத்தியானம் சாப்பாட்டு வண்டி வருகிற நேரத்தில் மூச்சு தள்ளித் தள்ளி வந்தது. டாக்டர் வந்தார். திரை இழுத்தார்கள். பிறகு திறந்தார்கள். மிஸ்ஸி மருந்துக் குழாயை மூடிவிட்டு, இவள் கையை நெஞ்சு மேல் எடுத்து வைத்தாள்.

நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கையுறை ரப்பருக்கு இந்தப் பக்கம் என் கை. சூடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இந்த அறைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் தொட்டேன்.

"இதைக் கழட்டலாமா?" என்று கேட்டேன்.

மிஸ்ஸி வாசல் பக்கம் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள்.

"கழட்டுங்க அங்கிள். முடிஞ்சதும் கையை சோப்புப் போட்டு நல்லாக் கழுவிருங்க. வெளிய எதையும் தொடாம."

கழட்டினேன். இவள் கை இன்னும் சூடாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் செம்பனை முள் குத்தின பழைய தழும்பு எல்லாம் அப்படியே இருந்தது. சொந்தக்காரர்கள் வருகிறவரை பிடித்திருந்தேன்.

அப்புறம் கழுவினேன்.