ஆரின் அளவுக்கு ஒரு படகு

என் கொழுந்தன் லெண்டல் புஷார்டுக்குப் பேச வராது. நாலு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு கட்டையை எடுத்துச் செதுக்கிக்கொண்டு நிற்பான். அவனுடைய அண்ணன், என் புருஷன் ஆரின், நேர் எதிர். ஆரின் சிரித்தால் எங்கள் ஊர் மெர்ரிமீட்டிங் விரிகுடாவின் அக்கரையில் திரும்பிப் பார்ப்பார்கள். வயிற்றில் கட்டி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் அந்தக் கோடையில் கைவிரித்தபோது நான்தான் அழுதேன்.

"இந்த சீசன்ல ஒரு கருவாத்தாவது என் கையால சுட்டுட்டுத்தான் போவேன்" என்றான் ஆரின்.

லெண்டல் கொட்டகைக்குப் போய்த் தேவதாருப் பலகைகளைப் புரட்ட ஆரம்பித்தான். அவர்கள் வாத்து வேட்டைக்குப் போகும் பழைய படகு போன வசந்தத்தில்தான் மக்கிப் போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் வாத்துப் படகை ஆளுக்கு அளவெடுத்துத்தான் கட்டுவார்கள். சுடுகிறவன் படகின் மூக்குப் பக்கம் காலை நீட்டி முன்னால் படுப்பான். ஓட்டுகிறவன் பின்னால் படுத்து, பின்பலகை ஓட்டை வழியே வெளியே நீளும் ஒற்றைத் துடுப்பைத் தலைக்குப் பின்னால் ஒரு கையால் ஆட்டிக்கொண்டே போவான். படகு தண்ணீருக்கு மேல் நாலு விரல் உயரம் தெரிந்தால் சரி. ஐந்து விரல் தெரிந்தால் வாத்து பறந்துவிடும். அதனால் ஆளின் நீளம், அகலம், கனம் எல்லாம் கணக்கு.

ஆரினைக் கொட்டகைத் தரையில் படுக்கவைத்துச் சுண்ணக்கட்டியால் சுற்றிக் கோடு போட்டான் லெண்டல்.

"வயித்தை உள்ள இழுண்ணா."

"இழுத்தா சோறு எங்கடா போகும்? அகலமாவே போடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கு சவப்பெட்டிக்கே அளவெடுத்திருக்கலாம்" என்று கத்திவிட்டேன்.

"அதுக்கும் இதே கோடு போதும்டி. அவனுக்கு ஒரு வேலை மிச்சம்" என்று ஆரின் படுத்தபடியே சிரித்தான். லெண்டல் சிரிக்கவில்லை.

அவன் கட்டினதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஓக் சட்டங்களை ஆவியில் வேகவைத்து வளைத்தான். தன் பழைய பூட்சின் மேல்தோலை வெட்டித் துடுப்பு ஓட்டையைச் சுற்றி ஆணியடித்தான், தண்ணீர் உள்ளே வராமலிருக்க. காய்ந்த புல்லின் நிறத்தில் வண்ணம் பூசி, மேலே காட்டு நெல் தாள்களைக் கட்டினான். ஆனால் கோடு போட்டது கோடையில். தண்ணீரில் இறக்கியது வாத்துகள் வந்த பிறகு. நடுவில் என் புருஷன் பாதி ஆளாகியிருந்தான். படுத்திருக்கிறவன் இளைப்பான் என்று அந்த மடையனுக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் அந்தச் சின்ன அளவுக்குப் பலகை அறுக்க அவனுக்குக் கை வந்திருக்காது.

முன்னால் கனம் குறைந்து, படகின் மூக்கு மேலே தூக்கி நின்றது. கரையில் நின்ற கடைக்கார வைனல் விடுவானா?

"ஏன் லெண்டல், படகு கட்டினியா, கோயில் கோபுரம் கட்டினியா? கனடாவுல இருக்கிற வாத்துக்கெல்லாம் தெரியுமே!"

லெண்டல் ஆற்றுக் கற்களைத் தீவன மூட்டையில் கட்டி, ஆரினின் கால்மாட்டில் வைத்தான். மூக்கு இறங்கியது. அடுத்த வாரம் அது போதவில்லை. இன்னொரு மூட்டை வைத்தான். இன்னும் எவ்வளவு நாள் என்று டாக்டர் சொல்லவில்லை. கொட்டகையிலிருந்து போகும் மூட்டைகளைப் பார்த்தே நான் தெரிந்துகொண்டேன். ஆரின் மட்டும், "என் பங்குச் சாப்பாட்டையெல்லாம் இந்தக் கல்லுங்கதான் தின்னுது" என்று கேலி பேசிக்கொண்டிருந்தான்.

அவர்கள் போன தடவையெல்லாம் வாத்துகள் எட்டுவதற்கு முன்பே பறந்துவிட்டன. கடைசியாகப் போன காலை, காற்றே இல்லை. கிளம்புமுன் ஆரினுக்குப் பீன்ஸ் ஊட்டினேன். ஆம், ஊட்டினேன். கரண்டியை அவனே தூக்கப் பார்த்தான். பாதி வழியில் கை நடுங்கிச் சட்டையில் கொட்டியது. துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். வாசலில் லெண்டல் நின்றிருந்தான். பார்த்துவிட்டான்.

"வேணாம் லெண்டல். துப்பாக்கி எவ்வளவு கனம்!" என்றேன் அவன் காதோரம்.

"தெரியுது அண்ணி. அண்ணன் கூப்பிடுறானே" என்றான். ஆரினைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படகில் கிடத்தினான்.

மதியத்துக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். ஆரினின் குரல் கரையிலிருந்தே கேட்டது. அவ்வளவு கத்துவதற்கு அந்த உடம்பில் மூச்சு எங்கிருந்து வந்ததோ!

"எழுந்து உக்காந்துட்டான்டி! வாத்துக் கூட்டம் கைக்கெட்டுற தூரத்துல. நான் குறி வச்சிட்டிருக்கேன். இந்த எருமை எழுந்து உக்காந்துட்டான்!"

சுடுகிறவன் எழுவதற்கு முன் ஓட்டுகிறவன் தலையைத் தூக்கக் கூடாது. சிறுபிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. லெண்டல் தலையைக் குனிந்துகொண்டு, "கால் மரத்துப் போச்சுண்ணா" என்றான்.

லெண்டலைக் கொட்டகையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். "என்னடா நடந்துச்சு? உண்மையைச் சொல்லு."

"வாத்துங்க பறக்கவே இல்ல அண்ணி. அவ்வளவு கிட்டப் போயிட்டோம். அண்ணன் துப்பாக்கிக் குழலைத் தூக்கினான், இறங்கிடுச்சு. மறுபடி தூக்கினான். மறுபடியும் இறங்கிடுச்சு. பின்னாலேருந்து பாக்குறேன், தோள் ரெண்டும் குலுங்குது. சத்தமில்லாம அழுறான். இன்னொரு தடவை தூக்கிப் பாக்கட்டும்னு விட எனக்கு மனசு வரல."

அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் கட்டைபோல நின்றான்.

அதற்குப் பிறகு ஆரின் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. லெண்டல் தினமும் வருவான், விறகு பிளப்பான், சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். உள்ளேயிருந்து ஆரின் என்னிடம், "மூணாவது தடவை தூக்கியிருப்பேன். இடது கையை மாத்திப் புடிச்சிருந்தேன், சுட்டிருப்பேன்" என்பான். சொல்லும்போது கண் பளபளக்கும். வைனல் கடையில் லெண்டலுக்குப் புதுப்பேர் வைத்து ஊரே கூப்பிட்டுச் சிரித்தது. பிறகு யாரும் அவனை வேட்டைத் துணைக்குக் கூப்பிடவில்லை.

"இன்னைக்கு உன் அண்ணன்கிட்ட உண்மையைச் சொல்லத்தான் போறேன்" என்று ஒருநாள் கிளம்பினேன்.

லெண்டல் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒரு நாளும் அப்படிப் பிடித்தவனில்லை. "சொன்னா, தன் கையால முடியாமப் போச்சுன்னு தெரிஞ்சிட்டுப் போவான். வேணாம் அண்ணி. என்மேல கோபமாவே போகட்டும்."

இரண்டு பேர்மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்றும் இருக்கிறது.

முதல் பனி விழுந்த மதியம் ஆரினுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. என்னை அருகே கூப்பிட்டான்.

"அவன் வந்திருக்கானா?"

"அடுப்பு கிட்ட நிக்கிறான். கூப்பிடவா?"

கதவைத் திறந்தே வைத்திருந்தேன். ஆரின் அந்தப் பக்கம் பார்த்தான், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நிக்கட்டும்" என்றான்.

லெண்டல் நின்றான். நான் வந்து, முடிந்துவிட்டது என்று சொல்லும்வரை உள்ளே வரவில்லை.