வேகமாக ஓடிய சர்க்கரை மெஷின்

கடிகாரக்காரருக்குத் தன்னைத் தவிர உலகத்தில் எல்லாமே ரிப்பேர். காய்கறிக்காரனின் தராசு ரிப்பேர், பஸ் வரும் நேரம் ரிப்பேர், பெண்டாட்டியின் மூளை பிறந்ததிலிருந்தே ரிப்பேர். கடைசியாகச் சொன்னதைக் கல்யாணமான புதிதில் அவளிடமே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவர் பேச ஆரம்பித்தால் வாய் நிறையக் கொட்டாவி விடுவதை அவள் ஒரு கடமையாகவே வைத்திருந்தாள்.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, “சர்க்கரையை விட்டுடுங்க” என்றார். மனிதர் நேரே வீட்டுக்கு வந்து சீனி டப்பாவை வாசலில் கவிழ்த்தார். எறும்புகள் சொந்தபந்தங்களோடு வந்து சேர்ந்தன. அத்தோடு வியாதி ஒழிந்தது என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். மாத்திரை பிரிக்காமலே மேஜை டிராயருக்குள் தூங்கியது.

பிறகு சமையலறைக்குள் நுழைந்தார். வெள்ளைச் சர்க்கரைதான் விஷம், மற்றதெல்லாம் அமுதம் என்று போனில் எவனோ ஒரு தாடிக்காரன் சொன்னானாம். வெல்லம், தேன், பேரீச்சம்பழம் மூன்றையும் முந்திரியோடு நெய்யில் கிளறி, எலுமிச்சம்பழம் தோற்கும் அளவில் உருண்டை பிடித்தார். டப்பாவின் மேல் ‘சர்க்கரை இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார். வீட்டோடு ஒட்டியிருந்த கடிகார ரிப்பேர் கடையில், வாய் எப்போதெல்லாம் சும்மா இருந்ததோ அப்போதெல்லாம் அதில் ஒரு உருண்டை போய் உட்கார்ந்தது.

“வெல்லம் எதுலேர்ந்து வருது?” என்றாள் மனைவி.

“கரும்புலேர்ந்து.”

“சீனி?”

“நீயும் உங்க அக்காவும் ஒரே வயித்துலேர்ந்துதான் வந்தீங்க. ரெண்டு பேரும் ஒண்ணா?”

“இல்லைங்க. அவளுக்கு நல்ல புருஷன் கிடைச்சான்.”

கொஞ்ச நாளில், கைக்கடிகாரத்தின் பொடி ஸ்க்ரூக்கள் அவரிடம் கண்ணாமூச்சி ஆடத் தொடங்கின. பல்பு சரியில்லை என்றார். புது பல்பு வந்தது. கண்ணில் மாட்டும் லென்ஸ் மங்கிவிட்டது என்றார். புது லென்ஸும் வந்தது. ஒரு மத்தியானம் அவள் டீயோடு கடைக்குள் போனபோது, அவர் விரல் நுனியால் மேஜையைத் தடவிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூ அவர் மூக்குக்கு நேரே கிடந்தது. அவள் சிரிக்கத்தான் நினைத்தாள், வரவில்லை. கண்ணை எடுத்துவிட்டால் இந்த ஆளிடம் மிஞ்சுவது வாய் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாளே மருந்துக்கடைக்குப் போய்ச் சர்க்கரை பார்க்கும் மெஷினை வாங்கி வந்தாள். அவர் உருண்டை தின்று கொஞ்ச நேரம் ஆனதும், கையைப் பிடித்து விரலில் குத்தினாள். முந்நூற்றுப் பத்து.

அவர் மெஷினைக் காதோரம் வைத்துக் கேட்டார். “இது ஃபாஸ்ட்டா ஓடுது.”

“என்னது?”

“மெஷின். எத்தனை மெஷினைப் பார்த்த கை இது. எனக்குத் தெரியாதா?”

உடனே பிரித்தும் போட்டார். கடிகாரத்தில் இருப்பதுபோல வேகத்தைக் குறைக்க உள்ளே ஒரு சுருள் இருக்கும் என்று தேடினார். பச்சைத் தகடு ஒன்றுதான் இருந்தது. “முள்ளே இல்லாததெல்லாம் ஒரு மெஷினா” என்று காறித் துப்பாத குறையாக மூடினார். ஒரு ஸ்க்ரூ வெளியிலேயே தங்கிவிட்டது. மறுபடி குத்தினார்கள். முந்நூற்றுப் பதினைந்து.

“பார்த்தியா, அடம் பிடிக்குது. இனிமே எது காட்டினாலும் நூத்தம்பதைக் கழிச்சுக்கணும்.”

அவள் தன் விரலைக் குத்தி வைத்தாள். நூற்றுப் பத்து.

“கழிங்க.”

அவர் கழித்தார். உதடு அசைந்து, பாதியில் நின்றது.

“மைனஸ் நாப்பது” என்றாள். “அப்படின்னா நான் செத்து ரொம்ப நேரமாச்சு. இன்னும் ஏன் அழாம உட்கார்ந்திருக்கீங்க?”

அவர் மெஷினைக் கீழே வைத்தார். பிறகு மேஜையைப் பார்த்தபடியே, “சின்ன முள்ளு ரெண்டாத் தெரியுது. ரொம்ப நாளா” என்றார்.

பதிலுக்கு அவள் வாயில் தயாராக இருந்த நாலைந்து குத்தலையும் விழுங்கிக்கொண்டாள். “சட்டையை மாட்டுங்க.”

“கடை?”

“அதுக்கென்ன காலா இருக்கு, ஓடிப்போக.”

சர்க்கரை இறங்கினால் மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம் என்றார் கண் டாக்டர். மாத்திரை டிராயரிலிருந்து வெளியே வந்தது. சமையலறை அவள் கைக்குத் திரும்பியது. வறுத்த வேர்க்கடலையையும் எள்ளையும் இடித்து, ஒட்டுவதற்கு மட்டும் துளிப் பேரீச்சம்பழம் சேர்த்து, கோலிக்குண்டு அளவில் உருட்டினாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றே ஒன்று.

“இதுக்குப் பேர் இனிப்பா? சுவர் ஓட்டையை அடைக்கலாம்.”

“வாயை அடைக்கத்தான் செஞ்சேன். மெல்லுங்க.”

மென்றார். பிறகு லென்ஸை மாட்டிக்கொண்டு, இடுக்கியில் ஒரு பொடி ஸ்க்ரூவைப் பிடித்தார். இரண்டு தடவை குழி தப்பியது. தட்டை எடுக்க வந்தவள் எடுக்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை ஸ்க்ரூ உட்கார்ந்தது.

“என்ன பார்க்கிற?” என்றார், தலையை நிமிர்த்தாமல்.

“உங்க மூஞ்சியைத்தான். பார்க்கச் சகிக்கலை” என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்றாள்.