சிவப்புத் துணி கட்டாத மலை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ரிவர்ஸ்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. நான் அதிகம் படிக்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எனக்குத் தேயிலைக்குப் பூச்சி மருந்தடிக்கிற வேலை. ஜோடியாகத்தான் போவோம். என் ஜோடி பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரன். இரண்டு பேரும் ரத்தோட்டையில் ஒரே சபைக்குப் போகிறவர்கள். நான் வாராவாரம் எழும்பி, கர்த்தர் எனக்குச் செய்ததைச் சாட்சி சொல்லுவேன். அவன் கடைசி வாங்கில் உட்கார்ந்து பேசாமல் இருப்பான்.

தோட்டத்தில் ஒவ்வொரு தேயிலைத் துண்டையும் மலை என்போம். மருந்தடித்த மலையில் கொழுந்து எடுக்கக் கூடாது. அதனால் அடித்து முடிந்ததும் மலைத் தலைப்பில் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டவேண்டும். ஒருத்தன் கட்டுவான், மற்றவன் பார்ப்பான். பிறகுதான் இறங்கவேண்டும். அன்றைக்குப் பனி மூடி, காற்றும் அடித்தது. கட்டுகிற முறை என்னுடையது. மறந்துவிட்டேன். குளிரில் அவனும் பார்க்காமல் மருந்து டேங்கைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

மறுநாள் காலை டேங்க் எடுக்கப் போன இடத்தில் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். துணி இருந்தது. அவனும் கண்டான். அண்ணாந்து பார்த்தால், அதே மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சத்தம் போடாத மச்சான், வேலை போயிரும்" என்றேன்.

அவன் நிற்கவில்லை. பாதையை விட்டுத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து ஏறினான். "மருந்தடிச்ச மலை, எறங்குங்க" என்று கத்தினான். பறித்த கொழுந்தையெல்லாம் குழியில் கொட்டினார்கள்.

பத்து மணிக்கு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பழி, கொழுந்து எடுக்கிற பெண்களைப் பார்க்கிற கங்காணி அக்கா தலையில் விழுந்திருந்தது. துணியைப் பார்க்காமல் ஆள் இறக்கினாள் என்று. புருஷன் இல்லாதவள். கங்காணி வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கே அது போய்விடும் போல இருந்தது.

போகிற வழியில் அவன் கேட்டான்.

"நீ சொல்றியா, நான் சொல்லவா?"

"நீ சும்மா நில்லு. அடுத்த மாசம் உன்னையக் கங்காணியாப் போடப் போறாங்க. நீயே கெடுத்துக்காத."

"அது வந்தா வரட்டும். கர்த்தர் பொய் சொல்லாதன்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல எனக்கு யோசிக்கத் தெரியாது."

ஆபீசில் முதலில் என்னைக் கேட்டார்கள். துணி கட்டினேன் என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு அவனைக் கேட்டார்கள். அவன் உடனே பேசவில்லை. என் பக்கம் திரும்பி நின்றான். நானே சொல்ல இடம் விடுகிறான் என்று தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

"துணி கட்டல சார். நானும் பாக்காமத்தான் எறங்கினேன். அக்கா மேல தப்பில்ல."

என்னைத் திரும்பக் கேட்டார்கள். ஆமாம், கட்டவில்லை என்று சொன்னேன். அக்கா வேலை தப்பியது. எங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு வாரம் வேலை நிறுத்தினார்கள். அவனுக்கு வரவேண்டிய கங்காணி வேலை வேறொருத்தனுக்குப் போனது.

லயத்தில் அவனை விடவில்லை. "என்ன பாஸ்டரே, அடுத்து யாரக் காட்டிக் குடுக்கப் போறீங்க?" என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் சிரித்தார்கள். அவன் வாளியை நிரப்பிக்கொண்டு போனான். நானும் அவனோடு பேசவில்லை. நாலு நாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை எப்போதும் போல வந்து கதவைத் தட்டினான்.

"பஸ் வரப்போகுது மச்சான். சட்டையப் போடு."

போட்டேன். பஸ்ஸில் அந்தக் கதையே எடுக்கவில்லை. அவன் வீட்டு மிளகுக்கொடி பற்றித்தான் பேசினான். அன்றைக்கு சபையில் சாட்சி சொல்ல நான் எழும்பவில்லை.

பின்னேரம் அக்கா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "போ தம்பி, நாலு பொம்பளைங்க வாந்தியெடுக்காம தப்பிச்சாங்க, அது போதும்" என்றாள். அதற்கப்புறம் தேத்தண்ணீர் தந்தாள். சீனி போடவில்லை. கோபம் இருந்திருக்கும். நியாயம்தான்.

அவன் இன்னும் மருந்துதான் அடிக்கிறான், நானும் அவனோடுதான் போகிறேன். ஆண்டவர் சொன்னதைக் கேட்டு நடக்கிறது என்று யாராவது பேசினால், எனக்கு எதிராகச் சொல்லவேண்டிய ஒரு வார்த்தையை, நானே சொல்லட்டும் என்று அவன் ஆபீசில் வாயில் வைத்துக்கொண்டு நின்றானே, அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு முன்னால் வருகிறது.