தானாக நகர வேண்டிய கார்

திண்டுக்கல்லில் என் சிநேகிதன் வீட்டு ஷெட்டில் ஒரு அமெரிக்கக் கார் நிற்கிறது. மலையில் எஸ்டேட் வைத்திருந்த துரை ஊருக்குக் கப்பலேறுகிற அவசரத்தில், கொடைரோடு ஸ்டேஷன் வாசலிலேயே அவன் தாத்தாவுக்கு விற்றுவிட்டுப் போனது. பிறகு அப்பா, பிறகு அண்ணனும் தம்பியான என் சிநேகிதனும். வீட்டைப் பிரித்தார்கள், வெங்காய மண்டியைப் பிரித்தார்கள். இதைப் பிரிக்க முடியவில்லை.

ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை போய்ப் பார்ப்பேன். கரும்பச்சை உடம்பு. மூக்கு நுனியில் சிறகு விரித்த வெள்ளிப் பறவை. பறக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. பக்கவாட்டில் நடந்தால் என் முகம் வளைந்து, நீண்டு, கதவுக்குக் கதவு வேறாளாகும். தோல் சீட்டில் வெங்காய வாசம். சொந்தமில்லாததைப் பார்ப்பதில் ஒரு சுகம்; துடைக்கிற வேலை இல்லை. "ஏண்ணே, கட்டினவளை இம்புட்டு நேரம் பாத்திருப்பீகளா?" என்பாள் சிநேகிதன் மனைவி.

இந்த வருஷம் அண்ணன் சென்னையிலிருந்து ஒரு முடிவோடு வந்திருந்தார். ஓடாத வண்டிக்கு எதற்குப் பொட்டு, கோயம்புத்தூரில் ஒருவர் கேட்கிறார் என்றார். தம்பி கெஞ்சினான். சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்தை அது தானாக நகர்ந்து நசுக்கினால் இருக்கட்டும், யாரும் தள்ளக் கூடாது, இல்லையென்றால் கொடுத்துவிடுவது என்று கடைசியில் ஆனது.

சந்தனம் அப்பினார்கள், மாலை போட்டார்கள். தம்பி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமியது, ஒரு தடவை உறுமியது, அடங்கியது. மறுபடி திருப்பினான். இருமல்கூட இல்லை. அண்ணன் செல்போனை எடுத்து நம்பரைத் தேடினார். சூடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சூடத் தட்டைப் பிடித்திருந்த தம்பி மனைவி ஜன்னலில் குனிந்து புருஷனிடம் ஏதோ சொன்னாள். கழுவுகிற தண்ணீர் வடியட்டும் என்று ஷெட்டின் தரையைத் தெருப்பக்கம் சரித்துப் போட்டிருந்தார்கள். அவன் ஹேண்ட் பிரேக்கை விட்டான்.

அம்புட்டுப் பெரிய உடம்பு ஓசையில்லாமல் கிளம்பியது. பழங்கள் நசுங்கின. வண்டி நிற்கவில்லை. அவன் பிரேக்கை மிதிக்க மிதிக்கத் தெருவைப் பார்த்துப் போனது. நான் விலகிக்கொண்டேன். அண்ணன் செல்போனைப் போட்டுவிட்டுப் பாய்ந்து, முன்னால் நின்று, கையாலும் நெஞ்சாலும் தாங்கினார். மனைவி ஓடிவந்து சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தாள். நின்றது.

சட்டை முழுக்கச் சந்தனம். பானெட்டிலிருந்து கையை எடுக்காமல், மூச்சு வாங்க அண்ணன் சொன்னார்:

"ஏலே, மொதல்ல பிரேக்கைப் பாரு. இன்ஜினை அப்புறம் பாத்துக்கலாம்."